கரண்ட் போன வீட்டில் கரி மூட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கரண்ட் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியவில்லை, ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசரிலும் இறைச்சி கிடக்கிறது, பேசாமல் எல்லாவற்றையும் சாயங்காலம் கரியில் சுட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். சுடு. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. எது அடுப்புக்கு, எது குப்பைக்கு, எது இன்னும் ஃப்ரீசரிலேயே இருக்கலாம் என்று பிரித்து வைத்த பிறகு தீப்பெட்டியைத் தேடினால் போதும். நெருப்பில் போட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம் எல்லாருக்குமே ஓர் எண்ணம் இருக்கிறது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பது. "இன்னும் ஜில்லென்று இருக்கிறதா" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கும் ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடு. மூடியபடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஃப்ரீசர் நெருக்கமாக நிறைந்திருந்தால் சுமார் 48 மணி நேரம், பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். உறைந்த பொருள்கள் ஒன்றையொன்று குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும், காலி இடம் அப்படிச் செய்யாது. அடிக்கடி கரண்ட் போகும் வீடு என்றால், ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறைய வைத்துவிடலாம். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதே, உறையும்போது தண்ணீர் பெருத்து வெடித்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே எதை முதலில் சுட வேண்டும் என்று புரியும். அவசரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும் கோழிக்கும் மீனுக்கும் கொத்துக்கறிக்கும்தான். ஃப்ரீசரில் கல்லாக இருக்கும் பெரிய துண்டு நாளைக்கும் காத்திருக்கும். ஆனால் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. பெரிய துண்டு போய்விடுமே என்ற பதற்றத்தில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சின்னப் பாத்திரத்தில் இருக்கும் கோழியை மறந்துவிடுகிறார்கள்.

எது வரை நல்லது, எப்போது போய்விட்டது? 4 டிகிரி செல்சியஸ்தான் எல்லைக்கோடு. இறைச்சி அதற்கு மேல் 2 மணி நேரத்துக்குக் கூடுதலாக இருந்துவிட்டால் எறிந்துவிடு. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக்கூடியவை அவை. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன தெர்மாமீட்டர் கிடந்தால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை. அது இல்லையென்றால் கடிகாரத்தை நம்பு, மூக்கை நம்பாதே. நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. வாடையே இல்லாத கோழியும் உன்னை மூன்று நாள் படுக்க வைக்கும். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்பது அதைவிட மோசம்.

"நன்றாக வேக வைத்தால் கிருமி செத்துவிடாதா?" என்று நீ கேட்பாய், தெரியும். சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் சாகுமுன் இறைச்சியில் நச்சைக் கக்கிவிட்டுப் போகின்றன. அந்த நச்சு கொதிக்கிற சூட்டுக்கும் மசியாது. கரி அடுப்பில் எவ்வளவு நேரம் வாட்டினாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் தரம் பிரிப்பது முதலில், தீ மூட்டுவது பிறகு.

ஃப்ரீசரில் இருப்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. துண்டுக்குள் இன்னும் பனித்துகள் தெரிந்தாலோ, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சிக்குக் குறையாமல் இருந்தாலோ, கரண்ட் வந்ததும் மறுபடி உறைய விடலாம். சாறு கொஞ்சம் இழந்து சக்கையாகும், ஆபத்து இல்லை. வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்ததா என்று அறிய, ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போ. திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே இருந்தது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது இடம். இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். மழை பெய்தாலும், கொசு கடித்தாலும், கரி அடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. வீட்டுக்குள் என்றால் சமையலறை மட்டும் இல்லை. கார் நிறுத்தும் அறை, கண்ணாடி போட்டு மூடிய பால்கனி, கூடாரம், எல்லாமே அதில் அடக்கம். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சரிப்படாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் ஆரம்பிக்கும். புகையில் நின்றதால் வந்த அசதி என்று படுத்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால், யோசிக்காமல் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வா, உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடு.

இதில் பலரும் ஏமாறுவது சாப்பாடு முடிந்த பிறகுதான். தீ அணைந்துவிட்டது, கங்கு மட்டும்தான், குளிருக்கு இதமாக இருக்கும் என்று அடுப்பை உள்ளே தூக்கி வருகிறார்கள். நீறு பூத்த நெருப்பும் அதே வாயுவைத்தான் விடுகிறது. புகை இல்லாததால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. ஜெனரேட்டருக்கும் இதே விதி. வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வை. அதைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதே. அந்த மின்சாரம் பின்னோக்கிக் கம்பிக்குப் போய், அங்கே பழுது பார்க்கும் ஆளைக் கொன்றுவிடும்.

சரி, அடுப்புக்கு வருவோம். இருட்டுவதற்கு முன்பே மூட்டிவிடு. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதே. அடியில் காகிதம் சுருட்டி வைத்து, கரியைக் குவியலாக அடுக்கினால் தானாகப் பற்றும். சுவாலை அடங்கிக் கரி மேல் சாம்பல் படர்ந்த பிறகு, கிட்டத்தட்ட அரை மணி நேரத்தில், கங்கு முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கு. மற்ற பாதி வெறுமையாக இருக்கட்டும். சூடான பக்கத்தில் முகம் சிவந்த துண்டு, இந்தப் பக்கம் வந்து மூடி போட்டு நிதானமாக வேகும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினாலும் ஒதுங்க இடம் இருக்கும். தண்ணீர் தெளிக்காதே, சாம்பல்தான் பறந்து இறைச்சியில் ஒட்டும். கரி அடுப்பில் நான் கற்றுக்கொண்டது அனேகமாக இந்த ஒன்றுதான் என்று சொல்லலாம். மசாலா ரகசியம் பேசுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. உப்பை முன்கூட்டியே தடவி, வைக்குமுன் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே நன்றாகச் சிவக்கும். இனிப்புச் சேர்ந்த பூச்சு இருந்தால் கடைசியில் தடவு, இல்லையென்றால் வேகுமுன் கருகிவிடும். பச்சை இறைச்சி ஊறிய சாறைக் கொதிக்க வைக்காமல் வெந்த துண்டின் மேல் ஊற்றாதே.

பாதி உறைந்த துண்டை அப்படியே வைத்தால் வெளியே கரி, உள்ளே பனி. பையில் இறுக்கிக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று. இங்கேதான் அடுத்த சிக்கல்: கரண்ட் இல்லையென்றால் மோட்டாரும் ஓடாது, தொட்டியில் இருப்பதுதான் கணக்கு. தண்ணீர் குறைவு என்றால் மெல்லிய துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள். கோழியைக் கழுவுவதையும் விட்டுவிடு. எப்படியும் கழுவினால் கிருமி போவதில்லை, சுற்றிலும் தெறிக்கிறது. அதில் மிச்சமாகும் நல்ல தண்ணீரைக் கை கழுவ வைத்துக்கொள். அடியில் குழாய் வைத்த ஒரு கேன், பக்கத்தில் சோப்பு, பச்சைக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு வேறு இடுக்கி. தட்டும் அப்படியே இரண்டு.

வெந்துவிட்டதா என்று போன் டார்ச் அடித்து நிறம் பார்க்காதே. பகல் வெளிச்சத்திலேயே நிறம் ஏமாற்றும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடு. கோழிக்கு 74 டிகிரி, கொத்திய இறைச்சிக்கு 71, முழுத் துண்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் 63 வந்தபின் 3 நிமிடம் ஆற விடு. கொத்துக்கறிக்கு ஏன் கூடுதல் என்றால், மேற்பரப்பில் இருந்த கிருமி அரைபடும்போது உள்ளே கலந்துவிடுகிறது. மீன் 63-இல் முடிந்துவிடும்.

எவ்வளவு சுடுவது? அன்று சாப்பிடப்படும் அளவு மட்டும். மிச்சத்தை எடுத்து வைக்க உனக்கு ஃப்ரிட்ஜ் இல்லை என்பதை மறக்காதே. வெந்த இறைச்சிக்கும் 2 மணி நேரக் கெடுதான், வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெக்கை என்றால் 1 மணி நேரம். ஃப்ரிட்ஜில் இருப்பது உங்கள் வீட்டுக்கு அதிகம் என்றால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடு. அவர்களும் இதே யோசனையில்தான் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

கங்கு மிச்சமிருக்கும்போதே ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க வை, காலையில் குடிக்க ஆகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலான மலையில் 3 நிமிடம். பிறகு அடுப்பு மூடியையும் காற்றுத் துளைகளையும் அடைத்து வெளியிலேயே விட்டுவிடு. சாம்பலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் மூடியுள்ள தகர வாளியில். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் இரவு இரண்டு மணிக்குத் தீயணைப்பு வண்டி வரும்.

இப்போதே ஃப்ரிட்ஜ், டிவி, கம்ப்யூட்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிடு. கரண்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறும். ஒரே ஒரு விளக்கு சுவிட்ச் மட்டும் போட்டபடி இருக்கட்டும், வந்தது தெரிய. வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்து ஃப்ரிட்ஜைப் போடு, அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக.

போனில் சார்ஜ் இருக்கும்போதே, ஃப்ரிட்ஜில் என்னென்ன இருக்கிறது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி அனுப்பு. கதவைத் திறந்து பார்த்து அல்ல, ஞாபகத்திலிருந்து.

அன்புடன்,
அண்ணன்