5க்கு 5 என்றால் 5 இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் சம்பா பயிர்க் காப்பீடு பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், காப்பீட்டுக்காக ஊரின் விளைச்சலை அளக்கும் முறையைக் குறை சொல்லி இப்படி ஒரு வாக்கியம்: "ஏதோ நாலு வயலில், அதுவும் வெறும் 5 சதுர மீட்டர் அறுத்துப் பார்த்துவிட்டு ஊர் முழுவதற்கும் கணக்கு எழுதிவிடுகிறார்கள், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குச் சரி, சாகுபடிக்குச் சரியா?"

இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாம் முறை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காப்பீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "எவ அவ, ஒத்தப் பருக்கைய நசுக்கிப் பாத்துட்டுச் சோறு வடிக்கிறவ? அடி வரைக்கும் கரண்டிய விட்டுக் கெளறி, நாலஞ்சு எடுத்துல்ல பாப்போம்" என்றாள். தங்கள் கட்டுரையாளருக்குச் சமையலறையும் தெரியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்த 'ஏதோ நாலு வயலில்' இறங்கி அறுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். 1988 முதல் 2019 வரை டெல்டா வட்டாரங்களில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தேன். முதலில் சின்ன விஷயம். நெல்லுக்கு நாங்கள் கயிறு கட்டி அளந்தது 5 மீட்டருக்கு 5 மீட்டர். அது 25 சதுர மீட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். ஒரு எக்டர் என்பது அப்படி 400 கட்டம். ஒரு கட்டத்தில் 10.5 கிலோ நெல் கிடைத்தால் 400ஆல் பெருக்குவோம், எக்டருக்கு 4,200 கிலோ. தாங்கள் அச்சிட்ட 5 சதுர மீட்டரில் அதே 10.5 கிலோ விளைந்திருந்தால் எக்டருக்கு 21 டன். அப்படி விளைகிற ஊரில் காப்பீடு எதற்கு, ஐயா?

அளவில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கட்டம் சிறிதானால், கயிற்றின் மேல் நிற்கிற தூரை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லிக் கை தானாகவே போகும். மகசூல் கூடித் தெரியும். 1940களில் புள்ளியியல் மேதைகள் மகலனோபிஸும் சுகாத்மேயும் மோதிக்கொண்டதே இந்தக் கட்டத்தின் அளவுக்காகத்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. ஜூன் 29 வந்தால் மகலனோபிஸ் படத்தைப் போட்டுத் தேசியப் புள்ளியியல் தினம் என்று கால் பக்கம் எழுதுகிறீர்கள் அல்லவா, அதே மகலனோபிஸ்தான்.

'ஏதோ' என்ற சொல்லுக்கும் வருகிறேன். எந்தச் சர்வே எண், எந்த வயல், அந்த வயலில் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை காலடி, அகலவாக்கில் எத்தனை காலடி, எல்லாம் சமவாய்ப்பு எண் அட்டவணை சொல்லும். குலுக்கல் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதில் விருப்பு வெறுப்பு கிடையாது. முளை அடித்துக் கயிறு கட்டிய பிறகு மூலைவிட்டத்தை அளப்போம். 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வந்தால்தான் சதுரம், இல்லையென்றால் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு இதைச் செய்து பார்த்தவனிடம் 'ஏதோ' என்று சொல்லக் கூடாது.

ஒரு விவசாயியைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் அவர் வயலுக்கு எண் விழுந்தது. எண் காட்டிய இடம் வாய்க்கால் ஓரம், சுமாரான பயிர். "என்னா சார், அங்க போறீங்க, மேலண்டப் பக்கம் பாருங்க, எப்படி நிக்கிதுன்னு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அரசாங்க ஏட்டில் தன் வயல் குறைவாகப் பதிவாகிவிடுமோ என்று மானக்கேடு. 2016இல் புதிய பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு அதே மனிதர் வயலுக்கு மறுபடி எண் விழுந்தது. இந்த முறை எண் காட்டியது அருமையான மேலண்டைப் பக்கம். "வாய்க்கா ஓரமா வாங்க சார், அங்க எல்லாம் பதரு" என்றார். இரண்டு முறையும் நான் எண் காட்டிய இடத்தில்தான் முளை அடித்தேன். இரண்டு முறையும் எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கிளம்பும்போது கேட்டார்: "நாலு வயல அறுத்தீங்க சரி, நட்டம் எனக்குத்தானே, பக்கத்துத் தெருக்காரன் வயல வச்சு எனக்கு எப்படி சார் கணக்கு?" அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏனென்றால் குற்றம், நாலு வயலை அறுத்து ஊருக்குச் சராசரி சொல்கிற எங்கள் கணக்கில் இல்லை. கிராமத்தின் சராசரி மகசூலை, ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷச் சராசரியை வைத்துப் போட்ட உத்தரவாத மகசூலோடு ஒப்பிட்டு, குறைந்தால் எல்லோருக்கும் பணம், குறையாவிட்டால் யாருக்கும் இல்லை. திட்டம் அப்படி. ஊர்ச் சராசரியைத் தனி மனிதன் நட்டத்துக்கு அளவுகோலாக வைத்தது திட்டம் போட்டவர்கள். வசவு மட்டும் கயிறு பிடித்தவனுக்கு.

கிராமத்துக்கு நாலு கட்டம் என்பது குறைவு என்று எழுதியிருந்தால் நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். உண்மையிலேயே குறைவுதான். ஒரே ஊரில் மேட்டு வயலும் பள்ளக்கட்டும் இருந்தால் நாலு கட்டத்துச் சராசரி ஊசலாடும். ஆனால் தங்கள் கட்டுரையாளர் சொன்ன காரணம் 'ஊரில் இத்தனை ஏக்கர் இருக்க நாலுதானா' என்பது. ஊர் எவ்வளவு பெரியது என்பது பெரிதில்லை. பயிர் வயலுக்கு வயல் எவ்வளவு வேறுபடுகிறது, எத்தனை கட்டம் அறுத்தோம் என்பதுதான் கணக்கு. சரியாகப் பொறுக்கி எடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால், தமிழ்நாட்டுக்கும் சரி, இந்தியா முழுமைக்கும் சரி, ஏறக்குறைய 3 சதவீதம் முன்பின்னாகத்தான் விடை வரும். இதை நம்ப வைப்பதற்குள் எத்தனையோ கூட்டங்களில் என் தொண்டை வற்றியிருக்கிறது.

அந்த 3 சதவீதம் என்றதும் பழைய புண் ஒன்று நினைவுக்கு வருகிறது. முந்தைய தேர்தல் ஒன்றின்போது 'கருத்துக்கணிப்பில் 3 சதவீதம் தவறு: நிறுவனமே ஒப்புதல்' என்று தாங்கள் தலைப்பிட்டீர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது தவறை அல்ல, பிழை வரம்பை. கொஞ்சம் பேரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு விலகலாம் என்று நாணயமாக அறிவித்தார்கள். அதைச் சொன்னவன் திருடன், சொல்லாமல் மறைத்தவன் உத்தமன் என்று ஆகிவிட்டது. 'எரர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பிழை' என்று தமிழ் பண்ணியவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு கதை.

ஒரு மார்ச் மாதம் 'இயல்பைவிட 300 சதவீதம் அதிக மழை' என்று எட்டுப் பத்தித் தலைப்பு. உள்ளே 'மூன்று மடங்கு' என்று விளக்கம். 300 சதவீதம் அதிகம் என்றால் நான்கு மடங்கு. அதுவும் போகட்டும், மார்ச்சில் நமக்கு இயல்பாகப் பெய்வதே சொற்பம். ஓரிரண்டு கோடை மழை அடித்தால் சதவீதம் ஆகாயத்துக்குப் போய்விடும். எங்கள் ஏரி அன்றும் காய்ந்துதான் கிடந்தது.

2015 அக்டோபரில், தினமும் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. என் மைத்துனர் தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு, கறி தின்கிற நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை நிறுத்தினார். அவர் ஆயுளில் சாசேஜைக் கண்ணால் கண்டதில்லை. நூறு பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் 18 சதவீதம் கூடினால் 5.9 ஆகும், நம் நாட்டில் அந்த நோய் அதைவிடவும் அரிது. எத்தனை பேரில் என்று ஒரு வரி போட்டிருந்தால் என் தங்கை வீட்டில் இரண்டு மாதம் சண்டை நடந்திருக்காது.

இது ஏதோ ஒரு வீட்டுச் சமாச்சாரம் என்று சிரிக்க வேண்டாம். 1995இல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் இரத்தம் உறையும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பது இருவருக்கு என்று ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 'இரட்டிப்பு' என்ற ஒரு சொல் செய்த வேலை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது இரண்டே இரண்டுதான். 5 சதுர மீட்டர் அல்ல, 25 சதுர மீட்டர் என்று ஒரு திருத்தம் போட வேண்டும். ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிற தங்களுக்கு ஒன்றரை வரி இடம் கிடைக்காமலா போகும்? இரண்டாவது, இனி எங்கே சதவீதம் போட்டாலும் பக்கத்திலேயே 'எத்தனை பேரில்', 'எத்தனை வயலில்' என்று ஒரு எண் போடுங்கள். பிழை வரம்பு, சமவாய்ப்பு எல்லாம் வேண்டாம், அந்த ஒரு எண் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
திருவாரூர் மாவட்டம்.

பி.கு.: சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லித் தாங்கள் அனுப்பிய கடிதத்தில் 'பெரும்பாலான வாசகர்கள்' பத்திரிகையின் புது வடிவத்தைப் பாராட்டுவதாக இருந்தது. என்னைக் கேட்கவில்லையே என்று கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. எண் விழுந்த இடத்தில்தான் அறுப்பேன் என்று அந்த விவசாயியிடம் நின்ற நியாயம்தான் எனக்கும். ஆனால் எத்தனை பேரைக் கேட்டீர்கள்? அதைத் தெரிவித்தால் சந்தாவை அனுப்பிவைக்கிறேன்.