எத்தனை கார் நிற்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்

பனியை வாரி எறியும் ஸ்னோப்ளோவர் இயந்திரத்தைச் செய்கிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை உங்களில் ஒருவருடைய கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாங்க வந்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு அம்மா. எழுபதை நெருங்குகிறார். இத்தனை வருடமும் வாசல் பனியை ஷவலால் தள்ளியே சமாளித்தவர். இனி ஷவலைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் இயந்திரம் தேடுகிறார், துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். விற்பனைக்கு நின்ற தம்பி மரியாதையான பையன். அவன் கேட்டது, தெருவிலிருந்து கராஜ் வரை கார் போகும் டிரைவ்வேயைப் பற்றி ஒரே ஒரு கேள்வி.

"டிரைவ்வேயில எத்தனை கார் நிக்கும்மா?"

"ஒண்ணுதான் தம்பி. மகன் வந்தா இன்னொண்ணு பின்னால நிக்கும்."

"அப்ப ரெண்டு கார். இருபத்தெட்டு அங்குலம் எடுத்துக்குங்க."

'பின்னால' என்ற சொல் அவன் காதில் விழவே இல்லை. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கார் நின்றால் நீளம்தான் கூடும், அகலம் ஒரு காருக்குரியதுதான். "அடுத்த வாரம் வர்றோம்" என்று சொல்லி அந்த அம்மாவை வெளியே அழைத்து வந்துவிட்டேன். தம்பியைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இயந்திரத்தில் தொங்கும் அட்டையில் நீங்கள் பெரிதாக அச்சிட்டிருப்பதை அவன் படித்தான், அவ்வளவுதான். அதில், பனியை வாரும் முன்வாயின் அகலத்தைச் சொல்லும் 28 என்ற எண் உள்ளங்கை அளவு. மற்ற விவரமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி அடியில் கிடக்கிறது.

அங்குலம் அங்குலமாக நீங்கள் விற்கும் அந்த அகலத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு வந்ததும் நாடா பிடித்து அளந்தோம். அந்த அம்மாவின் டிரைவ்வே அகலம் 3.5 மீட்டர், நீளம் 11 மீட்டர். 24 அங்குல இயந்திரம் ஏறக்குறைய 61 சென்டிமீட்டர். நேர்கோட்டில் யாராலும் தள்ள முடியாது, ஒவ்வொரு நடையிலும் 5 சென்டிமீட்டராவது முந்தைய நடையின் மேல் ஏறும். அப்படிப் பார்த்தால் 7 நடை. 28 அங்குலம் என்றால் 71 சென்டிமீட்டர், 6 நடை. மிச்சமாவது ஒரே ஒரு நடை. மெதுவாகப் போனாலும் 11 மீட்டரைக் கடக்க அரை நிமிடம் ஆகாது. இந்த அரை நிமிடத்துக்காகவா அந்த அம்மா கூடுதல் எடையைக் குளிர்காலம் முழுக்கத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்?

இரண்டு முறை தப்பாக வாங்கியவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

முதலில் வாங்கியது சின்னது, 21 அங்குலம். முன்னால் சுழலும் ரப்பர்த் துடுப்புகளே தரையைத் தொட்டு வழித்து, அதே வேகத்தில் பனியை வெளியே எறியும் ஒற்றைக்கட்ட இயந்திரம். ஒரு கையால் திருப்பலாம், சுவரோரமாக நிமிர்த்தி வைக்கலாம். புதிதாக விழுந்த 10, 15 சென்டிமீட்டர் பனியில் அதைத் தள்ளிப் போவதே ஒரு சுகம். துடுப்பு தரையைத் தொடுவதால் அடியில் கருப்புத் தார் தெரியும் வரை வழித்துவிடும். அதில் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை ஆறு மணி. நடுப்பகுதியையெல்லாம் முடித்து டிரைவ்வேயின் வாசலுக்கு வந்தேன். இரவில் பனி தள்ளும் லாரி தெருவை வழித்து, வழித்ததை என் வாசலில் வரப்பாகக் கட்டிவிட்டுப் போயிருந்தது. வயல் வரப்பு மாதிரியே இருந்தது, முழங்கால் உயரம். சாலை உப்பில் பாதி உருகி மறுபடி இறுகிய பனி, நடுநடுவே தேங்காய் அளவுக்குப் பனிக்கட்டிகள். இயந்திரத்தை முட்டவிட்டேன். அது கடிக்கவில்லை, முன்வாய் மெல்லத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேல் ஏறியது. பின்னால் இழுத்து மறுபடி விட்டேன், மறுபடி ஏறியது. கடைசியில் வரப்பைக் கடப்பாரையால் உடைத்து, உடைத்த துண்டுகளை இயந்திரத்துக்கு ஊட்டினேன். குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுப்பதுபோல.

அந்த வரப்பு எவ்வளவு கனம் என்று பின்னால் ஒரு நாள் கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு அளவையே எடுத்துக்கொள்கிறேன். 10 அங்குலப் பனி உருகினால் 1 அங்குலத் தண்ணீர் என்பது பொதுக்கணக்கு. அதாவது புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ. 3.5 மீட்டருக்கு 11 மீட்டர், 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் மொத்த டிரைவ்வேயிலும் ஏறக்குறைய 580 கிலோ. லாரி தள்ளி இறுகிய பனியோ கன மீட்டருக்கு 400 கிலோ வரை போகும். வாசலின் 3.5 மீட்டர் நீளத்துக்கும் 1 மீட்டர் அகலம், சராசரி 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரப்பு கிடந்தால் அது மட்டுமே 560 கிலோ. 11 மீட்டரில் பரவிக் கிடப்பதும் வாசலில் ஒரே மீட்டரில் கிடப்பதும் ஏறத்தாழ ஒரே எடை. இயந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த ஒரு மீட்டர்தான். உங்கள் விளம்பரப் படங்களில் அந்த வரப்பை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. எல்லாப் படத்திலும் பஞ்சு மாதிரிப் பனி, சிரித்த முகம்.

சூடுபட்ட பூனையாகி, இரண்டாவது முறை நேர் எதிராகப் போனேன். 30 அங்குலம், இரட்டைக்கட்டம். இதன் வேலை வேறு. முன்னால் பல் வைத்த இரும்புத் திருகு பனியை நறுக்கி நடுவுக்குக் கொண்டுவரும், பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியே தூக்கி எறியும். சக்கரத்துக்கும் இயந்திரமே விசை கொடுக்கும். வரப்பை வெண்ணெய் மாதிரி அறுத்தது, மறுக்கவில்லை. ஆனால் எடை 130 கிலோ. நேராகப் போகும்வரை ராஜநடை. டிரைவ்வே முனையில் திருப்பும்போது தோள் கழன்றுவிடும், என்னுடையதில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் விடுவிக்கும் வசதி இல்லை. வீட்டுப் பக்கவாட்டு நடைபாதையில் நுழையவில்லை, அங்கே பழையபடி ஷவல்தான். இதையெல்லாம்விடக் கொடுமை கராஜில். அதைக் குறுக்கே நிறுத்தினால் கார் உள்ளே வராது. எந்தக் காருக்கு வழிவிட வாங்கினேனோ அந்தக் கார் குளிர்காலம் முழுக்க வெளியே பனியில் நின்றது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அது தெரியாமல் போனதற்கு என் அவசரமும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்கே பெருமை பெரிதில்தானோ என்றும் தோன்றுகிறது. கனடாவின் கியூபெக்கில் ஆர்தர் சிகார் 1925-ல் செய்த ஸ்னோப்ளோவர் தெருக்களுக்கானது, லாரியின் மேல் ஏற்றிய ராட்சசன். அந்த வம்சத்தில் வந்ததைத்தான் நாம் இன்று கராஜுக்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் நேராகக் கேட்டுவிடுகிறேன். ஒரே என்ஜினை 24 அங்குல உடம்பிலும் வைக்கிறீர்கள், 28 அங்குல உடம்பிலும் வைக்கிறீர்கள். ஒரே மாட்டை இரண்டு அகலக் கலப்பையில் பூட்டினால் என்ன ஆகும்? காய்ந்த பனியில் வித்தியாசம் தெரியாது. ஈரப்பனி விழுந்த அன்று 28 அங்குலம் மூச்சு வாங்கும். ஓட்டுகிறவர் வேறு வழியில்லாமல் பாதி வாயை மட்டும் பனிக்குள் விட்டுப் பாதியைக் காற்றில் ஓட்டுவார். 28-க்குக் காசு கொடுத்தவர் 14-ஐப் பயன்படுத்துகிறார். ஆக, அகலம் எவ்வளவு என்பதோடு அந்த அகலத்துக்கு என்ஜின் எத்தனை சிசி என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருளுண்டு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே எழுத்தளவில் அச்சிடுங்கள். மறைக்க ஒன்றுமில்லையென்றால் இதில் கஷ்டமும் இல்லை.

வாயின் உயரமும் அப்படித்தான். அகலத்தைக் கேட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் உயரத்தைக் கேட்கிறார்கள்? முன்வாயின் உயரத்தைவிடப் பனி உயரமாக இருந்தால் மேல்பகுதி இயந்திரத்தின் மேலேயே சரிந்து விழும். ஒரே மூச்சில் ஒன்றரை அடி கொட்டும் இடத்தில் இருப்பவருக்கு அகலத்தைவிட இந்த உயரம் முக்கியம். மாறாக, வாரத்துக்கு இரண்டு முறை நாலு அங்குலம் விழுந்து, லாரி வரப்பும் கட்டாத சந்தில் குடியிருப்பவருக்கு ஒற்றைக்கட்டமே தாராளம். அவரிடம் போய் இரட்டைக்கட்டத்தை விற்பது நியாயமில்லை.

தரையைப் பற்றி யாராவது கேட்கிறீர்களா? சரளைக்கல் பரப்பிய டிரைவ்வேக்கு ஒற்றைக்கட்டம் ஆகவே ஆகாது. துடுப்பு தரையை வழிக்கும், பனியோடு கல்லையும் சேர்த்து எறியும், அந்தப் பக்கம் ஜன்னலோ ஆளோ இருந்தால் என்ன கதி? இரட்டைக்கட்டத்தில் திருகு தரைக்குச் சற்று மேலேயே நிற்கும், பக்கங்களில் இருக்கும் சறுக்குக் கட்டைகளை இறக்கி வாயை இன்னும் உயர்த்தலாம். கல்தரை உள்ளவர் 24 அங்குல இரட்டைக்கட்டத்தில் தொடங்குவதே சரி, டிரைவ்வே எவ்வளவு குட்டையாக இருந்தாலும்.

எறிந்த பனி எங்கே போய் விழும் என்பதும் அளவோடு சேர்ந்த விஷயம்தான். இரண்டு பக்கமும் புல்தரை இருந்தால் நடுவில் தொடங்கிப் பக்கத்துக்குப் பாதியாக எறிந்துவிடலாம். ஒரு பக்கம் சுவர் என்றால் மொத்தத்தையும் மறுபக்கம் தாண்டிவிட வேண்டும். எறிதூரம் குறைவான இயந்திரம் வழிக்காத இடத்திலேயே கொட்டும், அதையே மறுபடி வழிக்க வேண்டிவரும், ஒவ்வொரு நடைக்கும் கனம் கூடும். அட்டையில் போட்டிருக்கும் எறிதூரம் காய்ந்த பனிக்குரியது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்க வருகிறவருக்குத்தான் தெரியாது. பேட்டரியில் ஓடுபவற்றுக்கும் இதே வேண்டுகோள்: கடுங்குளிரிலும் ஈரப்பனியிலும் ஓடும் நேரம் குறையும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அளவு தப்பிய இயந்திரம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். சின்ன இயந்திரத்தை ஈரப்பனியில் திணித்தாலும் சரி, என்ஜின் போதாத அகல இயந்திரத்தை ஓட்டினாலும் சரி, குழாய் இறுகி நின்றுவிடும். கை உறைந்திருக்கிறது, வேலைக்கு நேரமாகிறது, மனுஷன் என்ன செய்வான்? குழாய்க்குள் கையை விடுவான். என்ஜினை அணைத்த பிறகும் விசிறியில் முறுக்கு தேங்கியிருக்கலாம், அடைப்பை எடுத்த நொடியில் அது ஒரு சுற்றுச் சுற்றும். விரல் போக அந்த ஒரு சுற்று போதும். அதற்காகத்தான் நீங்களே ஒரு கரண்டி மாதிரிக் குச்சியை இயந்திரத்தோடு மாட்டித் தருகிறீர்கள். விற்கும்போது அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, என்ஜினை நிறுத்தி, எல்லாம் ஓய்ந்த பிறகு இதால்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கரண்டியை ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன், ஏதோ உதிரிப் பாகம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது 24 அங்குல இரட்டைக்கட்டம். டிரைவ்வே முனையில் திருப்பும்போது ஒரு விசையை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் விடுபடும், இயந்திரம் தானே திரும்பும். கார் கராஜுக்குத் திரும்பிவிட்டது. வரப்பை இரண்டு தடவையாக, மேல்பாதி ஒன்று கீழ்ப்பாதி ஒன்று என்று அறுக்கிறேன். 30 அங்குலத்தில் ஒரே தடவையில் போன வேலை. போகட்டும்.

அந்த அம்மாவுக்கு இதுவே சரியா என்று எனக்கே சந்தேகம் உண்டு, எடையை நினைத்தால். 11 மீட்டரையும் சின்ன இயந்திரத்தில் அவரே முடித்து, வாசல் வரப்பை மட்டும் நான் போய் அறுத்துக் கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை. அவர் அதை ஏற்கவில்லை. "நீ ஊர்ல இல்லாத அன்னைக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம், கடையில் வெறும் தரையிலாவது.

இந்தச் சனிக்கிழமை மறுபடி வருகிறோம். அவர் கையில் ஒரு தாள் இருக்கும். அகலம் 3.5, நீளம் 11, தார்த்தரை, இடப்பக்கம் சுவர், வாசலில் வரப்பு முழங்கால் உயரம், கராஜில் மிச்சமிருக்கும் இடம் 70 சென்டிமீட்டர் என்று அவர் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். தம்பியிடம் சொல்லி வையுங்கள், தாளை வாங்கிப் படித்துவிட்டுப் பேசட்டும். ஒரு 24-ஐயும் ஒரு 21-ஐயும் நடைவழிக்கு இழுத்து வைத்தால், அவரே பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மூன்றாவது இயந்திரத்தில் தேறியவன்