பூர்வீகம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

தீவக வரலாற்று மலர் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். வீடு வீடாக நீங்கள் கொடுத்த படிவம் எங்களுக்கும் கிடைத்தது. கூடவே மலரின் பொருளடக்கத்தையும் வைத்திருந்தீர்கள். கோயில்கள், பாடசாலைகள், பெரியோர், வெளிநாட்டில் பேர் எடுத்த பிள்ளைகள் எல்லாம் உண்டு. முதல் அத்தியாயத்துக்கு 'ஆதிக்குடிகள்' என்று தலைப்பு. அதில்தான் எனக்குப் பிணக்கு.

வேலணையோ, புங்குடுதீவோ, நெடுந்தீவோ, யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஆராக இருந்தாலும் கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் பெருக்கு மரத்துக்கும் ஆளுக்கொரு பக்கம் வண்ணப்படம் போடுகிறீர்கள். குதிரை ஐரோப்பியரோடு வந்தது, பெருக்கு ஆபிரிக்க மரம் என்று எவரிடமும் கூச்சமில்லாமல் சொல்கிறோம். மனிதர் என்று வந்தால் மட்டும் "நாங்கள் ஆதியிலிருந்தே இங்கேதான்" என்கிறோம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கல். பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அம்மனைக் கும்பிடப் போகிற சனத்தில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருப்பார்கள்! வெளிநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது கல். கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் என்றால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் தேவை, அதனால் அங்கே சலுகை. சிங்கள அரசன் ஒருவன், தீவுக்கு வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். உங்கள் பொருளடக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. முதல் அத்தியாயத்தையே இந்தக் கல்லிலிருந்து தொடங்கலாமே?

எல்லோரும் விரும்பி வந்தவர்களும் இல்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். இங்கே அதிகாரியாக இருந்த ஸ்வார்டெக்ரோன் 1697இல் எழுதிவைத்த குறிப்பில், 1694 முதல் 1696 வரை எதிர்க்கரையான இந்தியக் கரையிலிருந்து 3,589 பேர் அடிமைகளாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில்! 1707இல் எழுத்தில் வந்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இல்தான். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துச் சனம்தான். ஒல்லாந்தர் காலம் என்றதும் கோட்டையின் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். சிலருக்கு முகம் சுளிக்கும், சந்தா தருகிறவர்களில் சிலருக்கு நிச்சயமாகச் சுளிக்கும். அதற்காக விட்டுவிடவா முடியும்?

மண்கும்பான் பள்ளிவாசல் பற்றியும் ஒன்றையும் காணவில்லை. தீவகத்தின் கோயில்களும் தேவாலயங்களும் வருகிற மலரில் அதுவும் வரவேண்டும். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியே அனுப்பியதைச் சொல்லாமல், நாங்கள் இடம்பெயர்ந்த கதையை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. எங்களுடையதை நீங்கள் நன்றாகவே எழுதுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். 'பூர்வீகம்' என்று ஒரு சின்னக் கட்டம், ஒரேயொரு ஊர்ப்பெயருக்குத்தான் இடம். என் அப்பாச்சியின் தாய் தொண்டிப் பக்கத்திலிருந்து அரிசி ஏற்றி வந்த தோணியில் தகப்பனோடு வந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அப்பப்பாவின் ஆட்கள் காரைநகர். அம்மாவின் ஆட்கள் நெடுந்தீவு. அதில் பாதிப் பேர் பிறகு கிளிநொச்சியில் காணி கிடைத்துப் போய்விட்டார்கள். இவ்வளவையும் அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடக்குவது? 'வேலணை' என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அப்பாச்சியின் தாய் அதற்குள் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்கவில்லை. பழைய காணி உறுதிகளைப் புரட்டினால் பல வீடுகளில் இதே கதைதான் வரும்.

அதனால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் ஆர் எங்கேயிருந்து எதற்காக வந்தார்கள் என்று எழுத அரைப் பக்கமாவது வெறுமையாக விடுங்கள். கதை சொல்லக்கூடிய கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் படிவத்தைக் கொடுக்காமல் ஒலிப்பதிவு செய்யச் சொல்லி ஒரு பெடியனை அனுப்புங்கள். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் படிவம் போய்விட்டதாம். கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இன்னும் போகவில்லை. கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அவர்களுடையதை நானே வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வேலணையிலிருந்து, படிவத்தை இன்னும் நிரப்பாத ஒருவன்