கதை முடிஞ்சுதா இல்லையான்னு ஒரு வரி போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பத்திரிகைல வாராவாரம் என்ன சீரிஸ் பார்க்கலாம்னு ஒரு பக்கம் வருதில்ல, அதைப் பத்திதான் எழுதறேன். பரிந்துரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல வரல. ஆனா போன மாசம் அதைப் படிச்சுட்டு ஒரு சீரிஸ் ஆரம்பிச்சேன், மொத்தம் ரெண்டு சீசன், தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு பார்த்து முடிச்சா கடைசி சீன்ல ஹீரோயின் ஒரு கதவைத் திறக்கறா, உள்ள யாரோ நிக்கறாங்க, இவ முகம் அப்படியே வெளிறிப்போகுது, அவ்ளோதான், பேர் போட ஆரம்பிச்சுட்டாங்க. சரி மூணாவது சீசன்ல தெரியும்னு தேடினா அது எப்பவோ கேன்சல் ஆயிடுச்சாம். உள்ள நின்னது யாருன்னு அதை எழுதினவங்களுக்கு மட்டும்தான் தெரியும் (அவங்களுக்கே தெரியுமான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு).

ஒரு சீரிஸ் நின்னு போறதுக்கு காரணம் இருக்கும்னு எனக்கும் தெரியும். சேனல்னா ரேட்டிங், விளம்பரம், ஓடிடின்னா எத்தனை பேர் கடைசி எபிசோட் வரைக்கும் பார்த்தாங்கன்னு கணக்கு, சீசன் ஏற ஏற நடிகர்கள் சம்பளமும் ஏறும். காசு போடறவங்க கணக்கு பார்க்கத்தான் செய்வாங்க. ஆனா சில சமயம் அவங்களே கெடுத்துட்டு பழியை நம்ம மேல போடறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. 2002ல ஃபயர்ஃப்ளைன்னு ஒரு விண்வெளி சீரிஸ், அமெரிக்கால ஃபாக்ஸ் சேனல்ல வந்தது. ஜனங்க வெளிய சுத்தப் போற வெள்ளிக்கிழமை ராத்திரில போட்டாங்க, அதையும் வரிசையா போடல, யார் யாருன்னு அறிமுகம் பண்ற முதல் கதையை டிசம்பர்ல கடைசியா போட்டாங்க. எடுத்தது 14 எபிசோட், ஒளிபரப்பினது 11. முதல் அத்தியாயத்தைக் கிழிச்சு கடைசில ஒட்டி வெச்சுட்டு புத்தகம் யாருக்கும் பிடிக்கலன்னு சொன்னா எப்படி? குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதைதான்.

இப்ப ஓடிடி வந்தப்புறம் இன்னும் அவசரம். 1899ன்னு பேர் வெச்ச ஒரு நெட்ஃபிளிக்ஸ் சீரிஸ் 2022 நவம்பர்ல வந்துச்சு, 2023 ஜனவரி ரெண்டாம் தேதி கேன்சல்னு செய்தி, மூணு சீசனுக்கு யோசிச்சு வெச்சிருந்த கதை அது. ஒன்றரை மாசம்! வேலைக்குப் போயிட்டு வர்றவங்க லிஸ்ட்ல சேர்த்து வெச்சுட்டு ஒரு லீவு நாள் வரட்டும்னு இருக்கறதுக்குள்ள கடையை மூடிட்டாங்க. இதனால என்ன ஆச்சுன்னா நானே இப்பல்லாம் புதுசா எதையும் ஆரம்பிக்கறதில்ல, முழுசா முடியட்டும் பார்த்துக்கலாம்னு விட்டுடறேன், என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதே கதைதான். எல்லாரும் இப்படி காத்துக்கிட்டே இருந்தா முதல் மாசம் யார் பார்ப்பா? யாரும் பார்க்கலன்னு அதையும் நிறுத்துவாங்க.

கடிதம் போட்டு என்ன ஆகப்போகுதுன்னு வீட்ல சிரிக்கறாங்க. ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளி சீரிஸுக்கு மூணாவது சீசன் கேட்டு 1968ல மூட்டை மூட்டையா கடிதம் போனதை எடுத்துச் சொன்னேன். 2007ல ஜெரிக்கோன்னு ஒரு அமெரிக்க சீரிஸை நிறுத்தினப்ப ரசிகர்கள் கடிதத்தோட நிக்கல, கடைசி எபிசோட்ல ஹீரோ சொன்ன "நட்ஸ்"ங்கற ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு டன் கணக்குல வேர்க்கடலையை வாங்கி சேனலுக்கு அனுப்பிட்டாங்க. மிரண்டு போய் இன்னும் 7 எபிசோட் குடுத்தாங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, அடுத்த சீசன் வருமான்னு தெரியாததால ரெண்டு முடிவு எடுத்து வெச்சிருந்தாங்க, வந்தா ஒண்ணு, வரலன்னா ஒண்ணு. வரல, அதனால கதையை மூடற முடிவைப் போட்டாங்க. மனசுக்கு எவ்ளோ நிம்மதி! சென்ஸ்8ங்கற சீரிஸுக்கும் அப்படித்தான், 2017ல நிறுத்தினாங்க, ரசிகர்கள் சத்தம் போட்டதும் அடுத்த வருஷம் ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு கடைசி எபிசோட் வந்துச்சு. அதுபோதும்ங்க, ஏழு சீசன் எல்லாம் யார் கேட்டா?

சேனல்காரங்க என் பேச்சை கேக்கப் போறதில்ல, அதனால உங்ககிட்ட கேக்கறேன். இனி ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழ எத்தனை சீசன், கதை முடிஞ்சுதா, நடந்துக்கிட்டு இருக்கா, இல்ல பாதில நிக்குதான்னு ஒரு வரி போடுங்க. அஞ்சு ஸ்டார் நாலு ஸ்டார் போடற இடத்துல இதுக்கும் இடம் இருக்கும்.

நான் பார்த்த அந்த சீரிஸ் பேரை வேணும்னுதான் எழுதல. இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு அப்படி என்னதான் இருக்குன்னு நாலு பேர் போய் ஆரம்பிச்சுட்டா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
கதவு வாசல்லயே நிக்கும் ஒரு வாசகி