‘இங்கே அரசியல் வேண்டாம்’ என்று எழுதிவைத்திருக்கும் அட்மின்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் தெருக் குழுக்களையும் கோயில் குழுக்களையும் வாட்ஸ்அப்பில் நடத்திவரும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே குழுவுக்குக் குழு ஒரே அறிவிப்பு வந்துவிடுகிறது: “இங்கே அரசியல் பேசக் கூடாது. மீறினால் நீக்கப்படுவீர்கள்.” ஏன் போடுகிறீர்கள் என்று தெரியாமலில்லை. விடிந்ததும் முருகன் படம், அதற்குக் கீழே புரட்டாசி பூசை நேரம், அதற்கும் கீழே யாரோ யாரையோ கிழிகிழியென்று கிழிக்கும் வாய்ஸ் நோட். மத்தியானத்துக்குள் இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதில்லை. சரி, ஆனாலும் இந்தத் தடை வேலைக்கு ஆகாது என்பதுதான் என் எண்ணம். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கு இதை நீங்களே வாசித்துச் சொல்லிவிடுங்கள்.

2021 ஜூலையை எடுத்துக்கொள்வோம். முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போன கையோடு கிளம்பிய கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்த நாட்களில் கடைகள் எரிந்தது உண்மை. கூப்பிட்டால் போலீஸ் வராததும் உண்மை. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் நம் குழுக்களில் ஓடிய வாய்ஸ் நோட்டுகள் பலவற்றுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. “பஸ் பஸ்ஸாக வருகிறார்களாம், நம் ரோட்டுக்குத்தானாம்.” எந்த ரோடு, பார்த்தது யார் என்று ஒருவர் கேட்டால், “நீ யார் பக்கம்?” என்று அவரையே மடக்கினார்கள். அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

முகம் தெரியாத ஒரு குரலை நாம் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்? பாதிக் காரணம் நம் தாத்தா பாட்டிகளிடம் இருக்கிறது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளராத வீடு நம்மில் குறைவு. (இறந்தவர்களில் ஆப்பிரிக்கர்களே அதிகம் என்பது மட்டும் நம் வீட்டுக் கதைகளில் வருவதேயில்லை.) 1985 கலவரத்தில் பக்கத்து இனாண்டாவிலிருந்து கட்டிய துணியோடு ஓடிவந்த இந்தியர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டபோது அவர்கள் மனசு பழைய நாளுக்கே போய்விட்டது. அப்படிப்பட்டவரிடம் ‘அரசியல் பேசாதே’ என்றால் என்ன அர்த்தம்? அவர் பேசியது அரசியலே இல்லையே.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் தலையசைத்தால்தான் அங்கே மிஷின் ஓடும். ஆலை மூடியாயிற்று. இன்று வீட்டில் டிவி ரிமோட்கூடப் பேரன் கையில். காலையில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வந்த வாய்ஸ் நோட்டைப் பாதி கேட்கும்போதே வரிசையாகக் குழுக்களுக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் போனைக் கீழே வைக்க மாட்டார். டிக் நீலமாகிறதா என்று பார்ப்பார். “எனக்குத்தான் முதலில் வந்தது” என்பார். அவருக்கு ஜூமாவும் ஒன்றுதான், அடுத்து அதிபரான ரமபோசாவும் ஒன்றுதான். தன்னிடம் நாலு பேர் வந்து “என்ன சேதி?” என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவரைக் குழுவிலிருந்து தூக்கினால் அரசியல் நின்றுவிடுமா? இன்னொரு குழுவுக்குப் போவார். அங்கே உங்களைப் பற்றியும் பேசுவார்.

இதையெல்லாம் ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ட்விட்டரில் அமெரிக்க அரசியல் சண்டைகளை எடுத்துப் பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அறச்சீற்றம் தொனிக்கும் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்றது. ‘அநியாயம்’, ‘துரோகி’ போன்ற சொற்கள்தான். இன்னோர் ஆய்வு டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்தது, 2022இல் அச்சானது. இணையத்தில் எரிந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் நேரிலும் அப்படித்தான் என்று அது சொல்கிறது. இணையம் நல்லவர்களைக் கெடுப்பதைவிட, வம்புக்காரரின் குரலை எல்லார் காதுக்கும் கொண்டுபோவதுதான் அதிகம். இருநூறு பேர் இருக்கும் நம் குழுவில் சத்தம் போடுபவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

இன்னொரு வகை உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனிசிபாலிட்டியை ஃபேஸ்புக்கில் நாலு வார்த்தை திட்டிவிட்டால் குடிமகனின் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள். டர்பன் மாநகராட்சியான ஈதெக்வினியில் 2021 தேர்தலின்போது 111 வார்டுகள். உங்கள் வார்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 400க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வெள்ளம். டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லை. கோபத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? திட்டவும் செய்தார்கள். ஆனால் அங்கே உறவினர் வீட்டில் நான் பார்த்த குழு வேறு மாதிரி இருந்தது. “தண்ணி லாரி எந்த முனையில் நிற்கிறது? படத்தோடு போடுங்கள்” என்று அட்மின் கேட்டார். வாய்ஸ் நோட் தள்ளிக்கொண்டிருந்த அதே ஆட்கள் வாளியோடு தெருவில் நின்று, நேரம் போட்டு, படம் போட்டார்கள். படிக்கட்டு ஏற முடியாத பாட்டிக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் அங்கேயே முடிவானது. கவுன்சிலரை இழுத்துவைத்துக் கேள்வி கேட்டதும் அதே குழுவில்தான். பயமும் முதலில் சொல்லும் ஆசையும் நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஏக்கமும் அப்போதும் அவர்களிடம் இருந்தவைதான். அட்மின் வேறு ஒன்றைக் கேட்டார். அவர்களும் அதைக் கொடுத்தார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஊர், நேரம், பார்த்தவர் பெயர் இல்லாத வாய்ஸ் நோட்டை நிறுத்திவையுங்கள். அது எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று பார்க்காதீர்கள். தவறாக அனுப்பியவரைச் சபையில் வைத்து அவமானப்படுத்தாமல் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மானம் போனவர் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் அவரிடமே விசாரிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்: “அண்ணா, நீங்களே அந்த முனைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள்.” மேலே சொன்ன பெரியவரிடம் ஒருமுறை இப்படிக் கொடுத்துப் பாருங்கள், விடமாட்டார். பீனிக்ஸுக்கு அக்கம்பக்கம் கறுப்பின மக்கள் வாழும் பாம்பாயி, இனாண்டா, குவாமாஷு. நம்மோடு வேலை பார்த்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் நம்பரும் உங்கள் போனில் இருக்கட்டும். அந்த மக்களை இழித்துப் பேசும் சொல் எதுவானாலும், அதற்கு மட்டும் இரண்டாம் எச்சரிக்கை வேண்டாம், உடனே நீக்குங்கள். வன்முறையைத் தூண்டும் செய்தி அனுப்புவது 2021 டிசம்பர் முதல் சைபர் குற்றச் சட்டத்தில் தனிக் குற்றம் என்பதையும் குழுவின் உச்சியில் ‘பின்’ (pin) செய்து வையுங்கள்.

அப்புறம், அந்த ‘அரசியல் பேசக் கூடாது’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் போதும்: யார் பார்த்தது, எங்கே, எத்தனை மணிக்கு? ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் உங்கள் குழுவில் வந்து பேசட்டும். எந்தத் தெருக் குழாய், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று அவர்களிடமும் மூன்றைக் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமலிருக்கும் ஒருத்தி,
சாட்ஸ்வொர்த்