பின் சக்கரத்துக்கு 32

மேலூர்,
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அக்கா வீட்டில் எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இதைப் போனில் சொன்னால் போதாதா என்று அம்மா கேட்டாள். போன் எடுத்தால் நீ "அப்புறம் பேசறேன்ப்பா" என்பதற்குள் பின்னால் நாலு ஹாரன் கேட்கிறது. ஏசி ஆபீசுக்குள் அத்தனை ஹாரன் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எழுதினால் ராத்திரி படுக்கும்போதாவது நிதானமாகப் படிப்பாய். படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே. எண்கள் எழுதியிருக்கிறேன்.

விஷயம் உன் வண்டியின் காற்று.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது நீ அசந்து தூங்கினாய். எழுப்பக் கூடாது என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். எதிர்சேவைக்குப் போக வேண்டும் என்று சொன்னவன் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகுதான் எழுந்தாய். அந்த நேரத்தில் நான் வண்டியைக் கழுவினேன். கழுவும்போது கண்ணில் பட்டதைத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

நேர் ரோட்டில் ஓடுகிற பைக் டயர் முதலில் நடுவில்தான் தேய வேண்டும். உன் பின் டயரில் நடுவில் இன்னும் நகம் புதைகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டினால் வழுவழு என்று போகிறது. தேய்மானம் தெரிய பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்களே, ஓரத்தில் அது ரப்பரோடு சமமாகிவிட்டது. காற்று குறைவாகவும் பாரம் அதிகமாகவும் ஓடிய டயர் இப்படித்தான் தேயும். காற்று அளக்கிற என் கேஜை வைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டி. 22 பவுண்டு காட்டியது. அந்தக் காற்றோடு சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறாய். துவரங்குறிச்சிக்கு இந்தப் பக்கம் சித்தப்பாவுக்கு நடந்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை.

பஸ் டயருக்கு நூறு பவுண்டுக்கு மேல் காற்று. கம்பியால் ஒரு தட்டு தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நீ எட்டாவது படிக்கும்போது டிப்போவில் நின்றிருந்த மதுரை வண்டியைத் தட்டிப் பார்த்து, "பின்னாடி உள் டயர் கம்மிப்பா" என்றாய். கேஜ் வைத்தால் நீ சொன்னது சரி. ஃபோர்மேன் உன்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு நான் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவன் 22ல் வண்டி ஓட்டுகிறான். பைக் டயரில் தட்டுகிற வேலையெல்லாம் நடக்காது, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதும் வீண். 22ம் 32ம் விரலுக்கு ஒன்றுதான். கேஜ் வேண்டும்.

சரி, எண்களுக்கு வருகிறேன். உன் பல்சர் 150க்கு முன் சக்கரம் 25. பின் சக்கரம், நீ மட்டும் போனால் 28. பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் 32. பழைய கேஜில் கிலோ கணக்கு இருந்தால் 1.75, 2, இரண்டேகால். புத்தகத்திலும் இதுதான் போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் பெரிய எண் ஒன்று அச்சடித்திருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம், நீ அடிக்க வேண்டிய அளவு இல்லை. அதைப் பார்த்து அடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே எல்லா வண்டிக்கும் 35 வைத்துவிடுகிற பையன்களையும் பார்த்திருக்கிறேன். நீ வாயைத் திறந்து எண்ணைச் சொல். காற்று இலவசம்தான், கேட்க வெட்கப்படாதே. அதிகம் அடித்தால் மைலேஜ் கிடைக்கும் என்பார்கள். கொஞ்சம் கிடைக்கும். ஆனால் டயர் ரோட்டில் பதிகிற இடம் சுருங்கிவிடும், நடு மட்டும் தேயும், சின்னக் கல்லுக்கும் வண்டி துள்ளும். முன் சக்கரத்தில் அதிகம் வைத்தால் இன்னும் மோசம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் கனம் முழுக்க முன்னால்தான் சாய்கிறது. ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டு மணலில் அந்த டயர் வழுக்கினால் காலை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

குறைந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. அந்தச் சூட்டில் உள்ளே நூலும் ரப்பரும் ஒன்றையொன்று விட ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். டிப்போவில் நாங்கள் கழற்றி ஓரமாகப் போட்ட டயர்களில் ஆணியால் போனதைவிடச் சூட்டில் போனதுதான் அதிகம்.

உன் டயரில் காற்று எப்படிக் குறைந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். மத்தியான வெயிலில் பத்திருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்கில் பார்த்திருப்பாய். 32 இருக்கிற டயர் அப்போது 35, 36 காட்டும். டயருக்குள் பத்து டிகிரி சூடு ஏறினாலே ஒன்றரை பவுண்டு கூடும். அதிகமாக இருக்கிறதே என்று இறக்கியிருப்பாய். ராத்திரி குளிர்ந்ததும் அது 28, 29. மறுவாரமும் அதே கதை. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. காலையில் வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் பார். முடியவில்லை என்றால் மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற பிறகு பார். அது சரி, மூன்று மணி நேரம் உன் வண்டி சேர்ந்தாற்போல் எங்கே நிற்கிறது?

கிலோமீட்டரையும் பார்த்தேன். கண்ணில் பட்டது. தீபாவளிக்கு நான் ஆயில் மாற்றியபோது பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டினேனே, அதற்கும் இதற்கும் ஒன்பதாயிரம் வித்தியாசம். பெருங்குடி ரூமிலிருந்து தரமணி ஆபீஸ் மூன்று, நான்கு கிலோமீட்டர் என்று நீதான் சொன்னாய். மீதி எங்கே ஓடியது என்று கணக்குப் போட எனக்கு டிப்போவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போட்டும் பார்த்தேன். போட்ட பிறகு பேசாமல் வண்டியைத் துடைத்து நிழலில் நிறுத்திவிட்டேன்.

பின் இருக்கை ரெக்சின் சதுரமாக மங்கிப் போயிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு பெண் பின்னால் உட்கார்ந்து வருகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். எந்த ஊர், என்ன படிப்பு என்று அவளாகவே யோசித்துக்கொண்டு இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறாள். மனிதர்கள் உட்கார்ந்தால் சதுரமாகத் தேயாது என்று நான் சொல்லவில்லை. ஆளாக இருந்தாலும் பெட்டியாக இருந்தாலும் 32தான். அதை மட்டும் மறக்காதே.

பணம் வந்து சேர்கிறது. முன்பெல்லாம் மாதம் பிறந்ததும் மொத்தமாக வரும். தை மாதத்திலிருந்து வாரா வாரம் 1,400, 1,850 என்று வருகிறது. அடிக்கடி வருவதால் பிள்ளைக்குச் சம்பளம் கூடியிருக்கிறது என்று அம்மா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். இருக்கட்டும். சீட்டுப் பணத்துக்கு நான் வேறு ஏற்பாடு செய்துவிட்டேன், உன்னை யாரும் எதிர்பார்த்துக்கொண்டு இல்லை. எதிர்பார்த்துக்கொண்டு இல்லை என்றால் உன் பணம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, அவசரம் இல்லை என்று அர்த்தம். நீ சின்ன வயதிலிருந்தே எதையும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வாய். மாமாவிடம் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போனதும் அப்படித்தான். அவர் கேட்டது என்னவோ உன் மேல் உள்ள அக்கறையில். ஆனால் கேட்ட விதம் சரியில்லை, அதை நான் அவரிடமே சொல்லிவிட்டேன்.

காற்று அடித்து முடித்ததும் வால்வு வாயில் எச்சில் தொட்டு வை. குமிழி வந்தால் உள்ளே இருக்கிற வால்வு ஊசி சரியில்லை, கடையில் மாற்றிக்கொடுப்பார்கள். பிறகு மூடியை மறக்காமல் போடு. உன் வண்டியில் பின் சக்கரத்துக்கு மூடியே இல்லை. மணல் உள்ளே போனால் வாரா வாரம் காற்று இறங்கும், நீயும் டயரையே குறை சொல்லிக்கொண்டிருப்பாய். நைட்ரஜன் அடிக்கச் சொல்லிப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல். நாம் இழுக்கிற மூச்சிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு அதுதான். அந்தப் பணத்துக்கு ஒரு இளநீர் குடி. மத்தியானம் சாப்பிடுகிறாயா? ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடு போகிறது, நீ சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்கிறேன்.

மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே சொல்லி வைக்கிறேன். மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று காற்றை இறக்கி ஓட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே. காற்று சரியாக இருந்தால்தான் பள்ளங்கள் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். வேகத்தைக் குறை, அதுதான் வழி. பத்து நிமிஷம் பிந்திப் போனால் யாரும் பசியில் செத்துவிட மாட்டார்கள். போனில் நட்சத்திரம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

ரொம்ப எழுதிவிட்டேன் என்று அம்மா சிரிக்கிறாள். 1888ல் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினாரே டன்லப், பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவர், அவர் அந்த வேலையில் இறங்கியதே பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தான். அப்பன்கள் டயர் விஷயத்தில் உயிரை வாங்குவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறான். அவனிடம் என் கேஜைக் கொடுத்துவிடுகிறேன். பேனா மாதிரி இருக்கும், சட்டைப் பையில் நிற்கும். ரிட்டையர் ஆனபோது வாங்கியது, எனக்கு இனி என்ன வேலை இருக்கிறது. வாரம் ஒரு தடவை, காலையில், வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் பார். பார்த்துவிட்டு இரண்டு எண்ணை மட்டும் என் போனுக்கு அனுப்பு. 25, 32 என்று வந்தால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம். எழுதத் தோன்றினால் எழுது.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: இந்த வாரமும் அடுத்த வாரமும் இங்கே பணம் அனுப்பாதே. பின் டயரை மாற்று. 100/90-17, டியூப்லெஸ் என்று கேள். நம் வெள்ளரிப்பட்டியில் செய்கிற டயரே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எந்தக் கம்பெனியானாலும் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், அதைப் பார்த்து வாங்கு. முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பழைய டயரைப் போட்டுவிட்டு வராதே, பார்சலில் இங்கே அனுப்பு. நான் ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும்.