கயல் பள்ளிக்குப் போகிறாள்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

டல்லாஸ் புறநகர், டெக்சஸ்
பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய அவா.

கயலைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொன்னபோது, "அரையாண்டு முடிந்த பிறகு யாராவது பிள்ளையைப் புதுப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார்களா? இத்தனை வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் ஜூன் வரை பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்ட கேள்விக்கு அவசரமாக ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2021இல் நாங்கள் இங்கு வந்தபோது கொரோனா இன்னும் ஓயவில்லை. அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளையை நான் வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கினேன். இந்த மாநிலத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை. வீட்டில் நடக்கும் கல்வியையும் ஒரு தனியார் பள்ளியாகவே சட்டம் கருதுகிறது. லீப்பர் வழக்கில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்திருக்கிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் முறையான பாடத்திட்டத்தோடு உண்மையாகக் கற்பித்தால் போதும். பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆய்வாளர் வருவதும் இல்லை. ஒரு வடிவியல் கணக்கு பிடித்துவிட்டால் காலை முழுவதும் அதிலேயே அவள் உட்கார்ந்திருப்பாள். எழுந்திரு என்று சொல்ல மணி இல்லை. அந்த ஆண்டுகள் அவளுக்கு நல்லவையாகவே அமைந்தன என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் போன தீபாவளிக்குப் பிறகு ஒருநாள், "நான் ஒன்று சொன்னால் அது தப்பு என்று மறுத்துப் பேச என் வயதில் ஒருவரும் இல்லையே, அம்மா" என்றாள். அவள் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கும் அப்படியே பட்டது.

இனி, ஏன் நடுவில் என்பதற்கு வருகிறேன். இங்கே பள்ளி ஆண்டு ஆகஸ்டு நடுவில் தொடங்கி மே கடைசியில் முடிகிறது. உயர்நிலைப் பள்ளியில் நம் ஊரைப் போல ஆண்டு இறுதியில் மொத்தமாகத் தேர்ச்சி என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்று ஒரு கணக்கு உண்டு; பருவத்துக்குப் பாதி என்று அது சேரும். பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் பெற 22 கிரெடிட் வேண்டும்: ஆங்கிலத்துக்கு 4, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் 3, பிறமொழிக்கு 2, உடற்கல்விக்கும் நுண்கலைக்கும் ஒவ்வொன்று, மீதி விருப்பப் பாடங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு முதல் பருவத்தின் கணக்கு மூடப்பட்டு, ஜனவரியில் இரண்டாம் பருவம் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே ஜனவரியில் சேர்ந்த பிள்ளைக்கு அன்று முதல் ஒவ்வொரு பாடத்திலும் அரை கிரெடிட்டாவது வந்து சேர வழி இருக்கிறது; ஆகஸ்டு வரை காத்திருந்தால் அதுவும் போய்விடும். நவம்பரிலோ மார்ச்சிலோ சேர்ப்பதாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

நீங்கள் முதலில் கேட்பது டி.சி.யைத்தான் என்று தெரியும். அப்படி ஒன்று இங்கே யாரும் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு மின்கட்டண ரசீது, தடுப்பூசிப் பதிவு, இவ்வளவுதான். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்தப் பழைய தடுப்பூசி அட்டை மிகவும் உதவியது. நம் அரசு அட்டவணையில் இல்லாத சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) ஊசிகளை இங்கே தனியாகப் போட்டுக்கொண்டோம். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிக் கதவை மூடக் கூடாது என்று 1982இல் இந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பிறந்ததே இங்கிருந்து கிழக்கே உள்ள டைலர் என்ற ஊரில்தான் என்று பிறகு படித்து அறிந்தேன்.

கடினமாக இருந்தது வேறொன்று. பள்ளி ஆலோசகரின் மேசையில் கயலின் குறிப்பேடுகளை நான் வரிசையாக வைத்தேன். தேற்றங்களை அவள் நிறுவிய பக்கங்களையும், கொல்லைப்புறத்துச் செடிகளைத் தேதி போட்டு வரைந்த படங்களையும் அந்த அம்மையார் பொறுமையாகப் புரட்டினார். மிக அழகாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். பிறகு தன் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பாடத்தின் பெயர், பருவம், மதிப்பெண் என்று மூன்று கட்டங்கள்தாம் அதில் இருந்தன. அன்றிரவு நானும் உங்கள் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, அவள் இத்தனை காலம் படித்ததையெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் எழுதினோம். அதில் ஆங்கிலத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இயற்கணிதத்துக்குத் தேர்வு எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே முறையாகப் படித்த பாடம் என்றால் 70 விழுக்காடும், படிக்காமல் நேரடியாக எழுதினால் 80 விழுக்காடும் எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது மாநில விதி. அவள் தாராளமாகத் தேறிவிட்டாள். உயிரியலை மட்டும், ஆய்வகப் பதிவு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அதனால் வயதுக்குப் பத்தாம் வகுப்பில் இருக்க வேண்டியவள் உயிரியலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள். எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. அவளோ முதன்முறையாக ஒரு நல்ல நுண்ணோக்கியைக் கையில் தொட்ட மகிழ்ச்சியில் இருக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஆங்கிலம் என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை வைப்பார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் சிலர் சொன்னார்கள். நம் வீட்டில் பேசுவது தமிழ். தமிழ் என்றே எழுதினேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கிலும் சோதித்தார்கள், நன்றாகவே செய்தாள். ஒரு சோதனைக்குப் பயந்து வீட்டு மொழியை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள், மணி அடித்தால் ஆசிரியர் மாறுவார். இங்கே ஆசிரியர் தம் அறையிலேயே இருக்கிறார், பிள்ளைகள்தாம் மாறுகிறார்கள். ஒருநாள் நான்கு பாடங்கள், மறுநாள் வேறு நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பாடத்துக்குப் பாடம் உடன் இருப்பவர்களும் வேறு என்பதால், 'என் வகுப்பு' என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம் இல்லை. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு இதுதான் பெரிய சிரமம்; பாடத்தை எட்டிப் பிடித்துவிடலாம், சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. முதல் சில நாட்கள் நூலகத்திலேயே இருந்துவிட்டு, டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். கழிப்பறைக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதைக் கேட்டு அவள் அடைந்த வியப்பு உங்களுக்குப் புரியும். பள்ளி நேரத்தில் கைபேசி கூடாது என்று 2025இல் மாநிலமே சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அது அவளுக்கு நன்மையாகவே முடிந்தது. ஆளுக்கொரு திரையில் மூழ்கியிருந்தால் புதிதாக வந்தவளிடம் யார் பேசியிருப்பார்கள்?

கடைசியில் அவளுக்கு இடம் கிடைத்தது இசைக்குழுவில். நுண்கலைக் கிரெடிட்டுக்காக வயலினோடு போனாள். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள், அங்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடையில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பெண் எழுந்து வந்து, அவள் முழங்கையைப் பிடித்து உயர்த்திச் சரிசெய்தாளாம். இப்போது இருவரும் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள். சுரத்தாளைப் பார்த்து வாசிப்பதில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் ஒருமுறை கேட்டால் அப்படியே வாசித்துவிடுகிறாள் என்று அங்கே பேச்சாம்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் மனவருத்தம் தரக்கூடிய ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வகுப்பு நடக்கும் நாட்களில் 90 விழுக்காடு வருகை இல்லையென்றால் கிரெடிட் கிடைப்பது கடினம். ஆகவே முன்பு போலப் பொங்கலுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் போவது இனி இயலாது. மே கடைசியில் பள்ளி முடிந்ததும் புறப்பட்டு, ஜூன் முதல் வாரத்தில் ஊரில் இருப்போம்.

பிறமொழிக்கான கிரெடிட்டைத் தமிழிலேயே தேர்வு எழுதிப் பெற வழி உண்டா என்று ஆலோசகரிடம் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வழி இருந்தால் அவளுக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். பேச்சும் வாசிப்பும் உங்களால் நன்றாக வந்திருக்கின்றன, ஒற்றுப் பிழைதான் மிகுதி. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இரவு எட்டரை மணி, எங்களுக்குக் காலை ஒன்பது. அந்த நேரத்தில் நீங்கள் அவளுக்கு ஒரு பக்கம் சொல்ல, அவள் எழுதிப் படம் அனுப்பட்டும். நீங்கள் திருத்திக் கொடுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிற்றிலிருந்து இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், அப்போது உங்களுக்கு ஏழரை மணிக்கே அழைப்போம்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று தவறாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்